லேட் வீட்டார்

எங்கள் குடும்பப் பெயர் உலகத்திலேயே நாலு பேருக்குத்தான் இருந்தது. மூன்று பேர் செம்பாக்கத்தில், ஒருவன் பெங்களூரில். ஆண் இரண்டு, பெண் இரண்டு. நாலு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் முன்கோபம் உண்டு, அது நான். இதற்கு மேல் ஒரு குடும்பப் பெயரைப் பற்றி அரசாங்கமே கணக்கெடுத்தாலும் எழுத ஒன்றும் இருக்காது.

பெயர், லேட். ஆனந்தன் லேட், சுபத்ரா லேட், பரணி லேட், தேவதர்ஷினி லேட். தாமதம் என்கிறோமே, அந்த லேட்தான். கல்யாணப் பத்திரிகையில் இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் போடுகிறார்களே, அந்த லேட்டும்தான்.

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் ஒட்டி, ஒரு புள்ளி வைத்து, அதோடு வாழ்ந்து முடித்துவிடுகிறோம். விமானம் ஏறப் போகிறவனைத்தான் ஃபாரத்தில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் வந்து வழிமறிக்கும். தொண்ணூற்று மூன்றில் இவர், அதாவது என் கணவர் ஆனந்தன், மஸ்கட்டுக்கு மோட்டார் காயில் கட்டும் வேலைக்குப் போனபோது அந்தக் கட்டத்தை நிரப்பியவர் ஒரு ஏஜெண்ட். சான்றிதழைப் பார்த்தார். ‘லே. ஆனந்தன்’ என்று இருந்தது. அப்பா பெயர் கட்டத்தில் ‘லேட் அரிகிருஷ்ணன்’ என்று இருந்தது. லே என்றால் லேட், அதுதான் வம்சப் பெயர் என்று முடிவு கட்டிவிட்டார். நாலு வருஷம் மஸ்கட்டில் இவரை ‘மிஸ்டர் லேட்’ என்று கூப்பிட்டார்கள். அந்த நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை என்று இன்றைக்கும் சொல்லுவார். போயிருந்தால் பெயருக்கு ஏற்ற ஆள் என்று சொல்லிவிடுவார்களே, அந்தப் பயம்.

என்னைப் பெண் பார்க்க வந்தது தொண்ணூற்று எட்டில். அனகாபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறை. தரகர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “பையன் பேரு லேட் ஆனந்தன்” என்றார். என் அப்பா கையில் எடுத்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“லேட்டுன்னா? அப்போ யாருக்குய்யா பொண்ணு கேக்க வந்தீங்க?”

தரகர் விளக்குவதற்குள் உள்ளேயிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு கூடத்தில் கேட்டது. பிறகு இவர் சொன்னார், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சம்மதம் சொன்னாராம். நான் சிரித்தது பெயரைப் பார்த்து, ஆளைப் பார்த்து இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவர் நம்புவதாக இல்லை.

கல்யாணம் ஆனதும் செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற வழியில் கடை போட்டார். தெருவில் அப்போது எட்டு வீடுதான். மழை பெய்தால் ஏரி எங்களைப் பார்க்க வாசல் வரைக்கும் வரும். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியவனிடம் ‘லேட் எலக்ட்ரிகல்ஸ்’ என்று எழுதச் சொன்னார். நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். மோட்டாரைக் கொடுத்தவன், “லேட்டுன்னு நீங்களே போர்டு வெச்சிட்டீங்க, அப்புறம் எப்ப வந்து கேக்கறது?” என்பான். இன்னொரு பக்கம், இரும்புக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, “லேத் பட்டறை இதானே, சார்? கொஞ்சம் மரை போட்டுத் தாங்க” என்பார்கள். ஒரு எழுத்து வித்தியாசம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இவர் பொறுமையாக, “லேத் பட்டறை கேம்ப் ரோடு திரும்புனதும் இருக்குங்க” என்று வழி சொல்லி அனுப்புவார். வருஷத்துக்கு ஐம்பது பேருக்காவது வழி சொல்லியிருப்பார். அந்த லேத் பட்டறைக்காரர் எங்களுக்கு ஒரு தீபாவளிக்காவது ஸ்வீட் பாக்ஸ் கொடுத்திருக்கலாம்.

சொன்ன நேரத்துக்கு மோட்டாரைக் கொடுத்துவிடுவார். அதுதான் இவருடைய வைராக்கியம். சாயங்காலம் ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு மோட்டார் வாசலில் இருக்கும். ஊரே தண்ணீருக்கு மோட்டாரை நம்பியிருந்த காலம் அது. “லேட்ல குடுத்தா லேட்டாவாது” என்று தெருவில் ஒரு பேச்சே உண்டு. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாமிரக் கம்பியும் வார்னிஷும் கலந்த அந்த வாசனை வந்துவிடும். மகன் பரணி கடையில்தான் நடக்கப் பழகினான். மகள் தேவி காலி காயில் சுருளை வளையல் என்று போட்டுக்கொண்டு திரிவாள். எங்களிடம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

பெயருக்கு மூலம் கண்டுபிடிக்க முயன்றவரும் உண்டு. எதிர்வீட்டுத் தோத்தாத்ரி சார், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஒருநாள் ஒரு குயர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். “லாட தேசம்னு வடக்க ஒரு தேசம் இருந்திருக்கு, ஆனந்தன். அங்கேருந்து வந்த வம்சமா இருக்கணும். லாட், லாட்டு, லேட்டு. ஒலி மாறிடுத்து” என்றார். இவர் பவ்யமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சார் போன பிறகு நான் சண்டை பிடித்தேன்.

“உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“பாவம் சுபா, அவ்ளோ கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சிட்டு வந்திருக்காரு. அதை ஏன் கெடுக்கணும்?”

இவர் ஆயுள் முழுக்க இப்படித்தான். ஒருவருக்கு வலிக்கும் என்று தெரிந்தால் அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வராது. அதற்கு மூலம் வேறொரு கதை.

உண்மையான மூலம் லாட தேசத்தில் இல்லை. கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறது. என் மாமனார் அரிகிருஷ்ணன் அங்கே கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். எழுபதாம் வருஷம், ஐப்பசி மாதம், மூன்று பேர் கடலுக்குப் போனார்கள். இரண்டு பேர் கட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. என் மாமியார் அங்காளம்மாளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இவருக்கு நாலு.

உதவித்தொகைக்கு மனு எழுதிய அதிகாரி ‘லேட் அரிகிருஷ்ணன் மனைவி’ என்று எழுதி, அதை உரக்கப் படித்துக் காட்டினாராம். காரியம் நடக்கும் முன்பே, பதினாறாம் நாள்கூட ஆகாமல், அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரும்புலியூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். கல் நெஞ்சக்காரி என்று குப்பத்தில் பேசினார்கள். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடியற்காலை முதல் வண்டி பிடித்து பீச் ஸ்டேஷன் போய், காசிமேட்டில் மீன் எடுத்து, கூடைக்காரர்கள் பெட்டியில் ஏறித் திரும்பி, தாம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பார். முப்பத்தெட்டு வருஷம் அந்த ஓட்டம். அவர் குரலைக் கேட்டால் சண்முகம் சாலையில் பஸ் ஹாரன் அடிக்கிறவன்கூட ஒரு நிமிஷம் அடங்குவான்.

மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனார். ஹெட்மாஸ்டர் அப்பா பெயர் கேட்டார்.

“லேட்டு அரிகிஷ்ணன், சார்.”

“அரிகிருஷ்ணன். அப்போ அ. ஆனந்தன்.”

“இன்னா சார், லேட்டை வுட்டுட்ட? அது முன்னால கீது. அதையும் போடு.”

ஹெட்மாஸ்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தாராம். நெற்றியில் பொட்டு, கையில் மீன் செதில், இடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளை. எதையோ சொல்ல வந்து சொல்லாமல், ‘லே. ஆனந்தன்’ என்று எழுதிவிட்டார். இதை இவர் அரைகுறை ஞாபகத்தில் எத்தனை தடவை சொன்னாலும், அந்தப் பேனா நின்றதை மட்டும் மறக்காமல் சொல்லுவார்.

லேட் என்றால் இன்னதென்று இவருக்கு ஆறாம் வகுப்பில்தான் தெரிந்தது. இங்கிலீஷ் பாடத்தில் வந்தது. பக்கத்து பெஞ்சு வெற்றிவேல், “டேய், லேட்டுன்னா செத்துப்போனவன்னு அர்த்தம்டா. அதைப் போய் இனிஷியலா வெச்சினுகிற” என்றான். இவர் ஆயுளில் அடித்தது அந்த ஒருவனைத்தான். சட்டை கிழிந்து வீட்டுக்குப் போனால், அத்தை விற்காத சங்கரா மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் சட்டை கிழிந்தது என்று கேட்டதற்கு, “லேட்டுன்னு கிண்டல் பண்ணான்மா” என்றார் இவர்.

“பண்ணிகினு போறான். லேட்டுன்னா உனுக்கு இன்னான்னு தெரியுமா?”

அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பதினொரு வயதுப் பிள்ளை, அந்த இடத்திலேயே ஒரு பொய்யை ஜோடித்தது. “தெரியும்மா. பெரிய மனுஷங்களுக்கு மரியாதைக்குப் போடறது. ராவ் பகதூர் மாதிரி.”

அத்தை தலையை ஆட்டிவிட்டு மீனைப் புரட்டிப் போட்டாராம்.

அன்றிலிருந்து இதுதான் இவருடைய வேலை. அந்த உப்பு மீனைக் கூரையில் காய வைப்பதற்கு முன் ஆரம்பித்தது, ஐம்பது வருஷம் நடந்தது. அம்மா அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், உயிரோடு இருந்தபோது ‘டேய் அரி’ என்று கூப்பிட்ட ஊரே செத்த பிறகு ஒரு பட்டம் கொடுத்ததில் அவருக்கு ஒரு நிம்மதி, அதை யாரும் உடைத்துவிடக் கூடாது. எங்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பிரஸ்காரர் அழகாக இருக்கட்டும் என்று ‘அமரர் அரிகிருஷ்ணன்’ என்று போட்டுவிட்டார். அத்தை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு, அச்சகத்துக்கே போய் சத்தம் போட்டார். “அமரரு கிமரரெல்லாம் வோணாம். எங்க வூட்டு ஆளு லேட்டு. லேட்டுன்னே போடு.” முன்னூறு பத்திரிகையைத் திரும்ப அடித்தார்கள். பட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை பாருங்கள் என்று நானும் இவரும் இரவெல்லாம் சொல்லிச் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தை பொட்டு வைத்துக்கொள்வதைப் பற்றியும் நானாகவே ஒன்று நினைத்துக்கொண்டேன். மூளி நெற்றியோடு மார்க்கெட்டில் உட்கார்ந்தால் போணி ஆகாது, அதற்காக வைக்கிறார் என்று. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வியாதி, எல்லாவற்றுக்கும் நாமே அர்த்தம் எழுதி வைத்துக்கொள்வோம்.

வினை வெளிநாட்டிலிருந்து வந்தது. தேவதர்ஷினிக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கிற படிப்பு. பெண் ஆறு மாதம் ராப்பகலாகப் படித்து வாங்கிய இடம். படிப்புச் செலவுக்கு அப்பா பொறுப்பு என்று ஒரு கடிதம் கேட்டார்கள். இவர் கொடுத்தார். பத்து நாளில் அது திரும்பி வந்தது. அப்பா பெயர் ஒரு இடத்தில் ‘லேட் ஆனந்தன்’ என்று இருக்கிறது, இறந்துபோனவர் எப்படிப் பொறுப்பேற்க முடியும் என்று கேட்டிருந்தார்கள். தேவி மின்னஞ்சலைப் படித்துக் காட்டினாள். எதிரே இறந்துபோனவர் லுங்கியோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

முதலில் சிரித்தோம். பிறகு விளக்கம் எழுதினோம். திரும்பவும் அதே பதில். பெயர்க் குழப்பத்தைச் சட்டப்படி சரி செய்து, எல்லாக் காகிதத்தையும் ஒன்றாக்கி அனுப்பினால் அடுத்த ஏப்ரல் வரை இடத்தை வைத்திருப்போம், இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

தாம்பரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் நோட்டரி தட்சிணாமூர்த்தி இருக்கிறார். எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். அரசிதழில் பெயர் மாற்றம் போடலாம், ஆனால் இவருடைய சான்றிதழில் அப்பா பெயரே ‘லேட் அரிகிருஷ்ணன்’ என்று இருப்பதால் வேர் அங்கேதான் என்றார்.

“லேட் அரிகிருஷ்ணன், அரிகிருஷ்ணன், ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு பிரமாணப் பத்திரம் வேணும் சார். அவரை நேர்ல தெரிஞ்சவங்க கொடுக்கணும். யார் இருக்கா?”

“எங்கம்மா மட்டும்தான் இருக்காங்க.”

“எழுதப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்போ நான் தமிழ்ல படிச்சுக் காட்டி, அவங்களுக்குப் புரிஞ்சுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் கைநாட்டு வாங்க முடியும். சட்டம் அது.”

இவர் எழுந்து கீழே வந்துவிட்டார். ஸ்கூட்டரில் சாவியைப் போட்டும் கிளப்பவில்லை.

“என்னால முடியாது சுபா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு வார்த்தைக்காகப் பொண்ணோட படிப்பைத் தண்ணில விடுவீங்களா?”

“செத்துட்டாருன்னுதான் இத்தனை வருஷமும் கூப்பிட்டோம்னு அம்மாகிட்ட எப்படிப் படிச்சுக் காட்டறது? நானே பொய் சொல்லி வெச்சிருக்கேன். எழுபத்தெட்டு வயசுல போய் அதைப் புடுங்கணுமா?”

தேவி ஒரு வாரம் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அழவும் இல்லை. அதுதான் இவரை அதிகம் படுத்தியது. எட்டாம் நாள் காலையில் அவளே அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வேணாம்பா. ஆயாவுக்குக் கஷ்டம்னா நான் இங்கேயே எங்கயாவது சேந்துக்கறேன்” என்றாள். இவர் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே எழுந்து போய், “அம்மா, நாளைக்கு ஒரு கையெழுத்து விஷயமா கோர்ட்டுப் பக்கம் போவணும்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி நானும் இவரும் தேவியும் அத்தையும் ஆட்டோவில் போனோம். அத்தைக்கு மூட்டு வலி, மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறினார். கருநீலப் புடவை, நெற்றி நிறையப் பொட்டு. இவர் முன்கூட்டியே நோட்டரியின் காதில் சொல்லிப் பார்த்தார், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படிக்க முடியுமா என்று. அவர் முடியாது என்று தலையாட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. குரலைத் தாழ்த்திப் படிக்கிறேன் என்றார்.

படித்தார். நான், அங்காளம்மாள், வயது எழுபத்தெட்டு. என் கணவர் அரிகிருஷ்ணன். அவர் பெயருக்கு முன் ‘லேட்’ என்று வந்திருப்பது பெயரின் பகுதி அல்ல. அது காலமானவர் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல். தவறுதலாக என் மகன் பெயரோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

“இன்னா சார் சொன்ன?” என்றார் அத்தை. “லேட்டுன்னா செத்தவருன்னா?”

“எழுத்துல அப்படித்தாம்மா வழக்கம்.”

“அம்மா,” என்றார் இவர்.

அத்தை திரும்பி மகனைப் பார்த்தார். “நீ ஏன்டா மொகத்த அப்பிடி வெச்சினுகிற? பெரிய மனுசனுக்குப் போடறதுன்னு சொன்னியே, அத்த நான் நம்பிட்டேன்னா நெனச்ச? எங்க ஆளு இன்னா பெரிய மனுசன், இடுப்புத் துண்டோட கடலுக்குப் போனவரு. புள்ள ஆசையா சொல்லுது, சொல்லிகினு போவட்டும்னு வுட்டேன்.”

“அப்போ லேட்டுன்னா என்னன்னு நெனச்சீங்க, அத்தை?” என்று நான்தான் கேட்டேன். ஐம்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

“இன்னா கேள்வி இது? லேட்டுன்னா லேட்டுதான்.” ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “நித்தம் ஸ்டேசன்ல கேட்டுகினு ஒக்காந்திருந்தவ நானு. வண்டி லேட்டும்பான். கூடையை எறக்கி வெச்சிட்டு ஒக்காருவோம். அர மணியோ, ஒரு மணியோ, வந்துரும். வராத வண்டிக்கு வேற பேரு, அது கேன்சலு. இவருக்கு எவனும் கேன்சல்னு எழுதல. படிச்ச ஆபீசரு, லேட்டுன்னு எழுதிக் குடுத்தாரு. ஸ்கூல் சாரும் லேட்டுன்னு எழுதுனாரு. ஒடம்பு கெடைக்கல. சரி, லேட்டாவுதுன்னு நானும் இருந்தேன்.”

தேவி தன் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னூறு பத்திரிகையைச் சொல்லிச் சிரித்த அந்த இரவு ஞாபகம் வந்து, என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். “அம்மா, வேணும்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.”

“இன்னொரு நாள் இன்னாத்துக்கு? புள்ள படிக்கப் போவணும். குடு சார்.” அத்தை கட்டைவிரலை நீட்டினார். மை தடவிய பிறகு அவர் கையைப் பிடித்து நிறுத்தியது நோட்டரிதான். ஒரு இடம் காலியாக இருக்கிறதாம். ‘என் கணவர் _____ அன்று காலமானார்’ என்று ஒரு வரி. தேதி கேட்க மறந்துவிட்டாராம்.

“எந்தத் தேதிம்மா? ஞாபகம் இருக்கா? வருஷம், மாசம் சொன்னாக்கூடப் போதும்.”

இவர், “எழுபது, ஐப்பசி” என்று ஆரம்பித்தார். அத்தை மை படிந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடியே தடுத்துவிட்டார்.

“ஐப்பசில கடலுக்குப் போனாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.” கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். அதில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. பிறகு, மீனுக்கு விலை சொல்லி முடிக்கிற அதே குரலில், “இன்னிக்கித் தேதி போட்டுக்கோ சார்” என்றார்.

நோட்டரி போடவில்லை. போட முடியாது. ஐப்பசி 1970 என்றுதான் எழுதினார். அதன் கீழே அத்தை கைநாட்டு வைத்தார். அழுத்தமாக, ரேகையெல்லாம் தெரிய, ஒரே தடவையில்.

டிசம்பரில் அரசிதழில் வந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் லேட் இல்லை என்று ஆகிவிட்டது. கடைப் பலகையை மட்டும் இவர் மாற்றவில்லை. ஏப்ரலில் தேவி கிளம்புகிறாள்.

கைநாட்டு வைத்த அன்று அத்தையோடு ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கூடத்தில் உட்காராமல் நேராகப் பின்கட்டுக்குப் போனார். “தண்ணி மொண்டு குடு ஆனந்தா” என்று கேட்டார். இவர் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்ற, அவர் கட்டிய புடவையோடு தலை முழுகினார். பிறகு குடத்தை இவர் கையிலிருந்து வாங்கி, ஐம்பத்தொன்பது வயது மகனை உட்கார வைத்து, அவர் தலையிலும் ஊற்றினார்.